காய்ந்த மண்ணின் எண், சேற்று வயலின் கணக்கு: நெல் நிலத்தில் நுண்ணூட்ட உலோகங்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மண்வள அட்டையில் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்பு என்று நான்கு உலோகங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். நெல் சாகுபடிக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நேராக உரக்கடைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆய்வகத்தில் அளந்தது நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்த மண். பயிர் நிற்பதோ சேற்றில். மண் அதேதான் என்றாலும், நீர் கட்டிய சில நாட்களிலேயே அதற்குள் உலோகங்களின் நிலை தலைகீழாக மாறிவிடும். ஒன்று கரைந்து வெளியே வரும், இன்னொன்று சிறைப்பட்டுப் போகும். அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன் அந்த வயலில் எவ்வளவு நாள் நீர் நிற்கும், எப்போது காயும் என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான்.

நீர் கட்டினால் உள்ளே நடப்பது

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை. அதனால் சற்று நிதானமாகப் படியுங்கள்.

காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். மடையைத் திறந்ததும் அந்த இடமெல்லாம் நீர் ஏறிவிடுகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மிச்சமிருந்த ஆக்சிஜனை மண்ணின் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறமும் அவை பிழைக்க வேண்டுமே. ஆக்சிஜன் செய்த வேலைக்கு முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கின்றன. அது தீர்ந்ததும் மாங்கனீசு ஆக்சைடு, அடுத்து இரும்பு ஆக்சைடு, அதற்கும் பிறகு சல்பேட். கடைசியில் சேற்றிலிருந்து மீத்தேன் குமிழ் விட ஆரம்பிக்கும்.

நீரில் மூழ்கிய நெல் மண்ணின் இந்த வேதியியலை விரிவாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1972-ல் வந்த அவருடைய நீண்ட ஆய்வுக் கட்டுரையைத்தான் இத்துறையில் இன்றும் முதலில் புரட்டுகிறார்கள்.

மேலே சொன்ன வரிசையால் உலோகங்களுக்கு மூன்று விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, நீரில் கரையாத மாங்கனீசும் துருவாக இருந்த இரும்பும் கரையும் வடிவத்துக்கு மாறுகின்றன. அந்தத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்பேட், ஆர்சனிக் போன்றவையும் கூடவே வெளியே வருகின்றன. இரண்டாவது, மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச் எண் நடுநிலைக்கு நகர்கிறது. புளிப்பு மண்ணில் ஏறும், களர் மண்ணில் இறங்கும். நீர் நின்று சில வாரம் ஆனால் பெரும்பாலான வயல்கள் 6.5-க்கும் 7-க்கும் பக்கத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, சல்பேட் சல்பைடாக மாறும் கட்டம் வந்தால், அந்தச் சல்பைடு துத்தநாகம், காட்மியம், செம்பு ஆகியவற்றைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும்.

ஆக, நீர் நிற்கும்போது இரும்பும் மாங்கனீசும் பெருகும், துத்தநாகமும் காட்மியமும் குறையும், ஆர்சனிக் அவிழும். வயல் காய்ந்தால் எல்லாம் திரும்பும்.

முதல் வேலை: பாட்டிலில் பார்த்துவிடுங்கள்

படித்ததை நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது. உள்ளே தெரிகிற இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். உங்கள் வயலின் மேல்மண்ணைக் கட்டி உடைத்து, இரண்டிலும் பாதி அளவுக்குப் போடுங்கள். மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சிறு துண்டு வெல்லத்தைக் கரைத்துவிடுங்கள். மூடியைத் தளர்வாக வைத்து நிழலில் விட்டுவிடுங்கள்.

வெல்லம் போட்ட பாட்டிலில் சில நாளிலேயே குமிழ் வரும். பழுப்பாக இருந்த மண் சாம்பல் நிறத்துக்குப் போகும், சில மண்ணில் கருமை தட்டும். வெல்லம் போடாத பாட்டிலிலும் அதே மாற்றம் வரும், ஆனால் மெதுவாக. கண்ணாடியை ஒட்டிப் பார்த்தால் மண்ணின் மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு மாறாமல் இருக்கும். நீரிலிருந்து ஆக்சிஜன் எட்டும் ஆழம் அவ்வளவுதான். பிறகு அந்தச் சாம்பல் மண்ணில் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். காற்றுப் பட்டதும் பழுப்பு திரும்ப ஏறுவதைப் பார்க்கலாம்.

வெல்லம் செய்த வேலையைத்தான் வயலில் தக்கைப்பூண்டும் சணப்பும் வைக்கோலும் செய்கின்றன. நுண்ணுயிருக்குத் தீனி கூடினால் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். பசுந்தாள் உரம் மடக்கி உழுத மறுநாளே நாற்று நடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வாரமாவது மட்க விட்டு நடுங்கள்.

இரண்டாவது: வயலைப் படிப்பது

கருவி எதுவும் இல்லாமலே சேற்றுக்குள் என்ன நிலை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வாய்க்கால் ஓரத்திலோ வயலின் மூலையிலோ, எண்ணெய் கொட்டியதுபோல் வானவில் நிறத்தில் ஒரு ஏடு மிதக்கும். டீசல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு ஏடு. கரைந்து மேலே வந்த இரும்பு காற்றுப் பட்டு மறுபடி துருவாகிறது. உடைந்ததும் சுழன்று ஒன்றுசேர்ந்தால்தான் எண்ணெய்.

அடுத்து ஒரு குத்தைப் பிடுங்கி வேரை அலசுங்கள். நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழல் இருப்பதால் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் வெளியே கசியும். அது கரைந்த இரும்பைத் தொட்டதும் வேரின் மேல் செம்பழுப்புப் பூச்சு விழும். லேசான பூச்சு இருந்தால் கவலை இல்லை, வேர் உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். புது வேர் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. வேர் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சல்பைடு கட்டம் வந்துவிட்டது. உடனே நீரை வடித்து ஆறவிட வேண்டும்.

கோடையில், அறுவடைக்குப் பின், மண்ணை வெட்டிப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணுக்குள் பழைய வேர் ஓடிய தடங்களில் மட்டும் துருக்கோடுகள் இருந்தால், அந்த ஆழம் வருஷத்தில் கணிசமான காலம் நீரில் மூழ்குகிறது, நடுவே காயவும் செய்கிறது. ஒரே சாம்பலாக, துருவே இல்லாமல் இருந்தால் அந்த நிலம் சரியாகக் காய்வதே இல்லை. அட்டையைப் படிப்பதற்கு முன் இந்தக் குறிப்பு உங்களிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது: மாதிரி எடுப்பது

நுண்ணூட்டத்துக்கு மாதிரி எடுக்கும்போது பாத்திரமே எண்ணைக் கெடுத்துவிடும். சாதாரணமாக வீட்டில் இருக்கும் முலாம் பூசிய தகர வாளியின் மேல்பூச்சு துத்தநாகம்தான். அதில் ஈர மண்ணைப் போட்டு வைத்தால் துத்தநாகம் போதுமான அளவு இருப்பதுபோல் முடிவு வரலாம். பிளாஸ்டிக் வாளி போதும். மம்பட்டியால் குழி வெட்டலாம், ஆனால் இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, அதே பட்டையால் மேலிருந்து 15 செ.மீ. வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள்.

வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், மடை வாய் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வயல் முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். உலர்த்துவது நிழலில்தான். வெயிலில் சூடேறினால் மாங்கனீசின் அளவு கூடுதலாகக் காட்டும்.

பையின் மேல் பெயரும் சர்வே எண்ணும் எழுதுவதோடு இன்னொரு வரி சேருங்கள்: கடைசியாக நீர் வடிந்த தேதி. ஆய்வகம் கேட்காது. உங்களுக்காக எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே கட்டத்தில், அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும் எடுத்தால்தான் இரண்டு வருஷத்து எண்களை ஒப்பிட முடியும்.

நான்காவது: துத்தநாகம்

நெல்லில் அதிகம் ஏமாற்றுகிற உலோகம் இதுதான் என்பது என் கருத்து. அட்டையில் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும், வயலில் பயிர் பழுப்பாகும்.

தமிழ்நாட்டில் துத்தநாகத்துக்கு வைத்திருக்கும் குறை எல்லை 1.2 பிபிஎம், அதாவது ஒரு கிலோ மண்ணில் 1.2 மில்லிகிராம். இது உலர்ந்த மண்ணிலிருந்து, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் டிடிபிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலால் பிரித்தெடுத்த அளவு. நீர் கட்டியதும் இதில் ஒரு பகுதி கைக்கு எட்டாமல் போய்விடும். பி.எச் ஏறுவது, பைகார்பனேட் கூடுவது, சல்பைடு பிடித்துக்கொள்வது என்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும். நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில், அடி இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றி, அவை கூடி இலை முழுக்கப் பழுப்பாகி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். வடக்கே இதை ‘கைரா’ என்பார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் யஷ்வந்த் நேனே 1966-ல் இது துத்தநாகக் குறை என்று கண்டுபிடிக்கும் வரை காரணம் தெரியாத நோயாகவே இருந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடைசி உழவு முடித்து நிலத்தைச் சமன்செய்த பின், நடவுக்குச் சற்று முன், எக்டருக்கு 25 கிலோ (ஏக்கருக்கு 10 கிலோ) ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து பரவலாகத் தூவுங்கள். சேற்றில் மிதித்து உள்ளே தள்ள வேண்டாம். பாட்டிலில் பார்த்த அந்த மெல்லிய பழுப்புப் படலம் நினைவிருக்கிறதா? சேற்றில் ஆக்சிஜன் இருக்கும் இடம் அதுதான். துத்தநாகம் அங்கே இருந்தால் சல்பைடு பிடியில் எளிதில் சிக்காது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றோடு கலந்து தூவாதீர்கள், பாஸ்பேட்டோடு சேர்ந்து இறுகிவிடும். பசுந்தாள் உரம் எக்டருக்கு 6.25 டன் இட்டிருந்தாலோ, ஊட்டமேற்றிய தொழு உரம் போட்டிருந்தாலோ 12.5 கிலோ போதும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் துத்தநாகம் 21 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். மேலே சொன்ன அளவு முதல் வகைக்கு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி வந்த பிறகுதான் தெரிந்தது என்றால் இலைவழி கொடுங்கள். பத்து லிட்டர் நீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. பதினைந்து நாள் இடைவெளியில், அறிகுறி மறையும்வரை. கூடவே நீரை வடித்து மண்ணைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். குறுவை அறுத்த கையோடு தாளடி நடும் வயல், வடிகாலே இல்லாத பள்ளக்கால் ஆகியவற்றில் துத்தநாகம் எத்தனை முறை போட்டாலும் குறை திரும்பத் திரும்ப வரும். அங்கே ஒரு கோடையாவது நிலத்தை முழுதாகக் காயவிட்டு உழுவதுதான் அடிப்படை வைத்தியம்.

ஐந்தாவது: இரும்பு, இரண்டு பக்கமும்

நேரடி விதைப்புப் புழுதிக்காலிலும் மேட்டு நாற்றங்காலிலும் நெல் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருக்கும், முற்றினால் இலையே வெள்ளையாகும். மண்ணில் இரும்பு கிலோக்கணக்கில் உண்டு, ஆனால் காய்ந்த நிலையில் எல்லாம் துருவாகக் கிடக்கிறது. ஒரு சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால் பச்சை திரும்பும். கரைசலில் துளி எலுமிச்சை உப்பு சேர்த்தால் இரும்பு தெளிப்பானிலேயே துருவாகாமல் இருக்கும். நீர் கட்டும் வசதி இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும், ஓரிரு வாரத்தில் இரும்பு தானாகக் கரைந்து வரும்.

மறுபக்கம், கேரளத்தின் குட்டநாடு போன்ற புளிப்பு மண்ணில் நீர் கட்டினால் இரும்பு அளவுக்கு மீறிக் கரைந்து நஞ்சாகிறது. அடி இலையின் நுனியிலிருந்து சிறு பழுப்புப் புள்ளிகள் தொடங்கி இலை வெண்கல நிறமாகும். துத்தநாகக் குறையோடு குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால் வேரைப் பாருங்கள். தடித்த துருப்பூச்சு, நீரில் இரும்பு ஏடு, புளிப்பு மண் மூன்றும் சேர்ந்தால் இரும்பு நஞ்சுதான். அப்படிப்பட்ட நிலத்தில் நீர் கட்டியதும் நடாமல் பத்து முதல் இருபது நாள் பொறுத்து நடுங்கள். கரைந்த இரும்பு உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகு நாற்று தாங்கும். சுண்ணாம்பு இடுவதும் நடுவே வடித்துக் காயவிடுவதும் உதவும்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கை சுண்ணாம்பு மண்ணில் நடக்கும். நிலக்கடலை போட்ட வயலில் நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து மஞ்சளாகும். ஈரம் கூடினால் இரும்பு கூட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அந்த மண்ணில் இரும்பு கரையும் அளவுக்கு ஆக்சிஜன் தீராது. பைகார்பனேட் மட்டும் கூடி, வேர் இரும்பை எடுப்பதைத் தடுத்துவிடும். வடிகால் வெட்டி, அன்னபேதி தெளித்தால் சரியாகும்.

மாங்கனீசு இரும்பின் வழியிலேயே போகும், ஆனால் இரும்புக்கு முன்பே கரையும். நீர் நிற்கும் நெல்லில் அதற்குக் குறை அரிது. செம்பு நீர் நின்றால் சற்றுக் குறையும். அட்டையில் தெளிவாகக் குறை காட்டினால் தவிர அதைப் பற்றிப் புதியவர்கள் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறாவது: காய்ச்சலும் பாய்ச்சலும்

இவ்வளவையும் கையாள உங்களிடம் இருக்கும் கருவி மடைதான். 30 செ.மீ. நீளமுள்ள அகலமான பிவிசி குழாய் ஒன்றை எடுத்து, கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி வரப்பை ஒட்டிப் புதையுங்கள். உள்ளே இருக்கும் சேற்றைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தெரிகிற மட்டம்தான் மண்ணுக்குள் இருக்கும் நீர்மட்டம்.

நடவு முடிந்து இரண்டு வாரம் போல் மேலாக நீர் நிற்கட்டும். அப்புறம் குழாயில் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை காயவிட வேண்டாம். ஒவ்வொரு காய்ச்சலிலும் மண்ணுக்குள் காற்று இறங்கும், சல்பைடு உடையும், பிடிபட்ட துத்தநாகத்தில் ஒரு பகுதி விடுபடும். மயிர்க்கால் வெடிப்பு போதும். கை நுழையும் அளவுக்கு வெடித்தால் பயிரும் வாடும், அடுத்த பாய்ச்சலில் நீரெல்லாம் வெடிப்பு வழியே போய்விடும்.

ஏழாவது: வேண்டாத உலோகங்கள்

ஆலைக் கழிவோ, சாக்கடை நீரோ, சுரங்க நீரோ, ஆர்சனிக் உள்ள குழாய்க் கிணற்று நீரோ கலக்கும் நிலமாக இருந்தால் மட்டும் இந்தப் பகுதி உங்களுக்கு. ஆனால் அப்படிப்பட்ட நிலமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், ஏனென்றால் சாப்பிடுகிறவர் உடம்புக்குப் போவது இது.

ஜப்பானின் தோயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்று நீரில் கமியோகா சுரங்கத்தின் காட்மியம் கலந்து, அதைப் பாய்ச்சிய வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் ‘இதாய்-இதாய்’ நோய் வந்தது. 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. காட்மியம் சேற்றில் சல்பைடாக அடங்கிக் கிடக்கும். மணி பிடிக்கும் நேரத்தில் நீரை வடித்தால் அவிழ்ந்து நேராக மணிக்குப் போகும். அதனால்தான் காட்மியம் உள்ள வயலில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்வரை நீர் வற்றாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆர்சனிக்குக்கு இது நேரெதிர். வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணற்று நீரில் வரும் ஆர்சனிக், மண்ணின் இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்கிறது. நீர் நின்று துரு கரைந்ததும் வெளியே வந்து, நெல் சிலிக்காவை எடுக்கும் பாதை வழியாக உள்ளே நுழைகிறது. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும்தான் நல்லது. உமிச்சாம்பல், வைக்கோல் போன்றவற்றால் மண்ணில் சிலிக்கா கூடினால் ஆர்சனிக்குக்குப் போட்டி வரும். இரண்டு உலோகமும் உள்ள நிலத்தில் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எது அதிகம் என்று மணியைச் சோதிக்காமல் நீர் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழில் நிலங்களில் குரோமியம். அதன் ஆறு இணைதிறன் வடிவம் நீரோடு ஓடும், நஞ்சும் அதிகம். மூன்று இணைதிறன் வடிவம் மண்ணோடு ஒட்டி நின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்த, மட்கு நிறைந்த சேறு முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது. காய்ந்த மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு சிறு பகுதியைத் திரும்ப மாற்றக்கூடும். ஆகவே ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம் மட்டும் கேட்காதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். அந்தச் சோதனைக்கு ஈர மண்ணை உலர்த்தாமல், காற்றுப் புகாத பையில் கட்டி, பனிப்பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மணியைச் சோதிக்கக் கொடுத்தால் ஒப்பிட வேண்டிய சர்வதேச உணவுத் தர எல்லைகள் இவை: தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம். தீட்டாத அரிசிக்குக் கனிம ஆர்சனிக் 0.35. தவிட்டில் ஆர்சனிக் அதிகம் தங்குவதால்தான் இந்த வேறுபாடு. மாதிரியோடு, கதிர் வந்த பிறகு வயலில் எத்தனை நாள் நீர் நின்றது என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். அடுத்த போகத்தில் நீரை மாற்றிப் பார்த்து மறுபடி சோதிக்கும்போது, ஒப்பிட அதுதான் தேவைப்படும்.